குளத்துக் கரி

நான் பயந்தாங்கொள்ளிதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. சிவகாசியில் தீக்காய வார்டில் நர்ஸ் வேலை பார்க்கிறவள் பயப்படாமல் இருந்தால் அவளைத்தான் முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். வாழை இலையில் படுக்க வைத்த உடம்புகளைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த பயம் என்னுடையது. அந்த வார்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. வெடியுப்பும் கந்தகமும் கருகின முடியும் சேர்ந்த வாசனை. வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாலும் மூக்கை விட்டுப் போகாது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி ரொம்ப நாள் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். கல்யாணமான புதிதில் நான் அவரிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பட்டாசுக் கம்பெனி இருக்கிற திசையில் தலைவைத்தும் படுக்கக்கூடாது. "உத்தரவு நர்ஸம்மா" என்று கும்பிடு போட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்த மனுஷன்தான் ஒரு நாள் சாயங்காலம் சைக்கிளை நிறுத்திக்கொண்டே, "இந்தச் சனிக்கிழமை விஸ்வநத்தம் தாண்டி ஒரு கம்பெனிக்குப் போறேன், ஒரு குளத்தை அளக்கணும்" என்றார்.

"குளத்தை அளக்க ஊர்ல வேற ஆள் இல்லியா? வாத்தியார்தான் கிடைச்சீகளா?" என்று எரிந்து விழுந்தேன்.

"தண்ணியத்தானே அளக்கப் போறேன், வெடிமருந்தையா அளக்கப் போறேன்? தண்ணிக்கு யாராவது பயப்படுவாகளா?" என்றார்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வந்த ஒரு கம்பெனி முதலாளி இவரைப் பிடித்துக்கொண்டார். ஆபீஸுக்கு முன்னால் தோட்டம் போட்டு, நடுவில் வட்டமாக ஒரு குளம் வெட்டி, சிமெண்டு பூசி, தாமரை வைத்து மீன் விட்டிருக்கிறார். பார்க்கவும் அழகு, ஆபத்துக்கு அள்ளி ஊற்றவும் தண்ணீர். எங்கள் பக்கம் தண்ணீருக்குப் படுகிற பாடு தெரியுமே. அதனால் வேலை முடிந்து ஆட்கள் கைகால் கழுவுகிற தண்ணீரையும் வீணாக்காமல் வாய்க்கால் கட்டிக் குளத்துக்கே விட்டுவிட்டார். விட்ட மீனெல்லாம் செத்து மிதந்தது. தண்ணீரில் அலுமினியப் பொடி ஆடை ஆடையாக நின்றது. அதைச் சுத்தம் பண்ண வழி சொல்லணும், தீயணைக்க எத்தனை காலன் இருக்கிறது என்று சோதனைக்கு வரும் ஆபீஸருக்குச் சரியான கணக்கும் சொல்லணும். இதற்கு இவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

சண்டை போட்டேன். அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வாசலை மறித்துக்கொண்டு நின்று, "சட்டைப் பையைக் காட்டுங்க" என்றேன். பையை வெளியே இழுத்துப் பார்த்தேன். தீப்பெட்டி இல்லை. செருப்பைத் திருப்பி, கல்லில் உரசிப் பொறி கிளப்புகிற ஆணி இருக்கிறதா என்று பார்த்தேன். "கம்பெனி கேட்ல கூட இப்படித் துளாவ மாட்டாக" என்று அவர் கேலி பண்ணினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இது ஒரு வழக்கமாகிப்போனது. நான் பையை இழுத்துப் பார்ப்பேன், அவர் சிரிப்பார், அவர் திரும்பி வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது.

முதல் நாள் அளந்துவிட்டு வந்தவர் கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார். குளத்தின் வாய் இருபதடி, அடிப்பக்கம் பன்னிரண்டடி, ஆழம் ஐந்தடி. கம்பெனியில் வாயை மட்டும் அளந்து ஆழத்தால் பெருக்கிக் கிட்டத்தட்ட பத்தாயிரம் காலன் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். "அது டிரம்முக்குப் போடுற கணக்கு. குளம் சட்டி மாதிரி உள்ள சரிஞ்சு போகுது" என்றார். எனக்கு விளங்கவில்லை. சட்டி அளவுக்கே வாயும் உயரமும் இருக்கிற ஒரு தகர டப்பாவைப் பக்கத்தில் வைத்தார். என் மருந்து கிளாஸால் ஊற்றி ஊற்றிக் காட்டினார். டப்பா நிறைய எத்தனையோ கிளாஸ் பிடித்தது, சட்டி சீக்கிரமே வழிந்துவிட்டது.

சரிவுக்குத் தக்கபடி கணக்கைப் போட்டு, ஒரு கன அடிக்கு ஆறேகால் காலன் என்று பெருக்கினால் ஆறாயிரத்து நானூறு காலன்தான் வந்தது. அவருக்குக் கணக்கு சரியாக வந்த சந்தோஷம். எனக்கோ அந்தச் சட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது. இல்லாத தண்ணீரை இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஒரு கம்பெனியே உட்கார்ந்து மருந்து இடித்துக்கொண்டிருக்கிறதே! பற்றிக்கொண்டால் பாதியில் வாளி தரையைத் தட்டியிருக்குமே! அன்று ஜெபத்தில் அந்த மூவாயிரத்துச் சொச்சம் காலனையும் சேர்த்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே சிரித்தது எனக்குத் தெரியும்.

அடுத்து பில்டர். மதுரைக் கடையொன்றில் மோட்டாரும் பெரிய உருளையும் சேர்ந்த ஒன்றை அவர் பார்த்து வந்தார். படம் போட்ட விலைப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினார். குளத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் அது வடிகட்டி எடுத்துவிடுமாம். மோட்டார் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உயிர் போய்விட்டது. மோட்டாரென்றால் கரண்டு, கரண்டென்றால் பொறி. "நீங்க அதை அங்கன வைக்கிற அன்னைக்கு நான் ஆமத்தூர்ல எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டேன். நல்லவேளை, முதலாளிக்கும் என் மாதிரிதான் பயம். "கரண்டு வயரு ஷெட்டு இருக்கிற பக்கமே வரக்கூடாது வாத்தியாரய்யா, வேற ஏதாச்சும் யோசிங்க" என்றிருக்கிறார். எனக்கு அந்த முதலாளியைப் பார்க்காமலே பிடித்துப்போனது.

வேறு என்ன, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற அதே பானை வடிகட்டிதான். அடியில் கல், அதன்மேல் மணல், அதன்மேல் கரி. வெறும் மணல் போதாதா என்று கேட்டேன். மணல் கசடைப் பிடிக்கும், நிறத்தையும் வாடையையும் கரிதான் பிடிக்கும் என்றார். மோட்டார் வேண்டாம், வாய்க்கால் சரிவே தண்ணீரைத் தள்ளிவிடும். சாயங்காலம் எல்லாரும் ஒரே நேரத்தில் கழுவுவதால் தண்ணீர் ஒரேயடியாக வரும். அது வழியாமல் இறங்குகிற அளவுக்கு அகலம் வேண்டும். வாய்க்கால் முனையில் வாளியை வைத்து, அது எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பார்த்து, கடைசியில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சிமெண்டுத் தொட்டி கட்டச் சொன்னார். கரிக்கு எங்கேயும் அலைய வேண்டியதில்லை. பட்டாசுக்குப் போடுகிற கரி அங்கேயே மூட்டை மூட்டையாக இருந்தது.

மோட்டார் போய்க் கரி வந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவர் யாரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன்.

பில்டர் நன்றாகத்தான் வேலை செய்தது. மீன் பிழைத்தது. தாமரை பூத்தது. இவர் தலை கால் புரியாமல் திரிந்தார். நச்சரித்து நச்சரித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என்னையும் கூட்டிப்போனார். கேட்டுக்குள் போகும்போது அவர் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. பொம்பளைகள் வரிசையாகக் குனிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளி பூசின மாதிரி இருந்தது. அந்தத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் பளபளவென்று வாய்க்காலில் ஓடித் தொட்டியில் விழுந்தது. தொட்டியின் மறுபக்கம் குழாயில் சுத்தமான தண்ணீர் சொட்டியது. சின்னச் சின்ன மீன்கள் அதன் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்றன.

"அந்த அழுக்கெல்லாம் எங்கன போச்சு?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலியே. உள்ளதான் இருக்கு. வர்றதைப் பிடிச்சு வச்சுக்கிட்டாத்தானே அது பில்டர்" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. சீக்கிரம் வீட்டுக்குப் போவோம் என்று மட்டும் சொன்னேன்.

கோடை வந்தது. தொட்டி அடைத்துக்கொண்டு தண்ணீர் வழிய ஆரம்பித்தது. வெள்ளையடிக்கவும் ஷெட்டுகளைப் பழுது பார்க்கவும் கம்பெனியைச் சில நாள் மூடினார்கள். அந்தச் சமயத்தில் கரியை மாற்றிவிடலாம் என்று இவர் போனார். மேலே கிடந்த ஈரக் கரியைக் கையாலேயே அள்ளி ஒரு சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். மீதியை அடுத்த சனிக்கிழமை இரண்டு பொம்பளைகள் வந்து வெட்டி எடுப்பதாக ஏற்பாடு.

"கம்பெனிச் சாமான் எதுவும் இந்த வாசப்படி தாண்டக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்ல?" என்று கத்தினேன்.

"ஏய், இது கம்பெனிச் சாமான் இல்ல, குளத்துக் கரி. இம்புட்டு நாளும் தண்ணிக்குள்ள கிடந்த கரி. காயவச்சா உன் இஸ்திரிப் பெட்டிக்கு ஆகும். நல்ல கரியைத் தூரப் போடச் சொல்றியா?"

தண்ணீருக்குள் கிடந்தது என்றதும் வாயை மூடிக்கொண்டேன். தண்ணீரென்றால் எனக்கும் நல்லதுதானே. மாடியில் பரப்பிக் காயவைத்தார். காயக் காயக் கரியின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. அது என் கண்ணில் படாமல் இல்லை. எங்கள் ஊர்த் தண்ணீரில் எதைக் கழுவிக் காயவைத்தாலும் வெள்ளை பூக்கும். குடம் பூக்கும், சுவர் பூக்கும், துவைத்த துணியின் ஓரம்கூடப் பூக்கும். "உவர் தண்ணி, வேறென்ன" என்றார் அவர். நானும் உவர் என்றே நினைத்தேன். இந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ராத்திரி டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தேன். அவர் கம்பெனிக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தார். தூங்குமுன் என் வெள்ளைச் சேலையை இஸ்திரி போட்டுவிடலாம் என்று பெட்டியைத் திறந்து, மாடியிலிருந்து இறக்கி வைத்திருந்த கரியை நிரப்பினேன். முற்றத்துத் துவைகல்லில் பெட்டியை வைத்து, அடுப்பிலிருந்து ஒரு கங்கை இடுக்கியால் எடுத்து மேலே வைத்து மூடினேன். விசிறலாம் என்று விசிறியை எடுக்கத் திரும்பியது என் அதிர்ஷ்டம்.

புஸ்ஸ் என்று ஒரு சீறல். திரும்பிப் பார்த்தால் பெட்டியின் ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஊதா நிறத்தில் தீ பாய்ந்துகொண்டிருந்தது. கரி இப்படி எரியாது. கரி கண்ணை மூடிக்கொண்டு சிவக்கும், அவ்வளவுதான். இது சீறியது. மூடி எகிறித் திறந்து, மரக் கைப்பிடி பற்றி, பொறி சுவரில் போய் அடித்தது. நான் கத்தினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவர் ஓடிவந்து தொட்டித் தண்ணீரை வாளியோடு ஊற்றினார். புகை முகத்தில் அடித்தது.

அந்தப் புகையில் என் வார்டு வாசனை இருந்தது.

"வெடியுப்பு! இது உவர் இல்ல, வெடியுப்பு!" என்றேன். அவர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பாடம்தானே அவருக்கு. கரி, கந்தகம், வெடியுப்பு மூன்றும் சேர்ந்தால் வெடிமருந்து. கழுவின தண்ணீரோடு உப்பும் கந்தகமும் வந்து வந்து கரிக்குள் ஊறி உட்கார்ந்திருக்கிறது. நனைந்திருக்கும் வரைக்கும் சும்மா இருந்தது. நாங்கள் அதை மாடியில் வெயிலில் பரப்பிப் பக்குவமாகக் காயவைத்திருக்கிறோம்.

"உள்ளதான் இருக்குன்னு சொன்னீகளே" என்றேன்.

சாக்கைப் பார்த்தேன். கட்டிக்கொண்டு வந்த அளவு அதில் இல்லை. "மிச்சம் எங்க? யாருக்காச்சும் குடுத்தீகளா?"

அவர் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தார். "நேத்து சாயங்காலம் அந்தப் பொண்ணு பிள்ளைக்குச் சாம்பிராணி போடக் கரி இல்லைன்னு கேட்டுச்சு. ஒரு சொளகு நிறைய..."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சாம்பிராணி மணம் வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் பருத்தி விளைகிற, நிலபுலன் உள்ள குடும்பம். அவள் புருஷன் விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுவான். முதல் இரண்டு பிள்ளையும் தங்கவில்லை. மூன்றாவது பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள்; அன்றைக்கு ஆள் குறைவென்று என்னைப் பிரசவ வார்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிறந்த பிள்ளை முதலில் அழவே இல்லை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தட்டி அழ வைத்தது இந்தக் கைதான். அன்றிலிருந்து அவளுக்கு நான்தான் அக்கா. பிள்ளைக்குத் தும்மல் வந்தாலும் சுவர் மேல் தலை தெரியும்.

தெரு சுற்றி ஓடினேன். செருப்பு இல்லை, முந்தானை எங்கே கிடந்தது என்று தெரியாது. இயேசுவே இயேசுவே என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். அவர்கள் வீட்டுக் கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

குளிப்பாட்டி முடித்திருந்தாள். பிள்ளையை இடது கையில் ஏந்தி, தலைமுடி காயட்டும் என்று புகைச் சட்டிக்கு நேரே பிடித்திருந்தாள். சட்டியில் அவள் வீட்டு விறகுக் கங்குதான் இருந்தது, அது அணைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சொளகு. வலது கையில் ஒரு கை நிறைய எங்கள் கரி.

"போடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் விதிர்விதிர்த்துப் போனாள். ஒரே பாய்ச்சலில் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு, மறுகையால் அவள் கையைத் தட்டிவிட்டேன். கரி சிதறியது. இரண்டோ மூன்றோ துண்டு சட்டிக்குள் விழுந்தது.

நான் பிள்ளையோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். முதுகில் சூடு தெரிந்தது. சீறல் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது சட்டியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஊதாத் தீ நின்றது. பிள்ளையின் தலை இருந்த இடத்தில் நின்றது. ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த பிரம்புக் கூடை பற்றி எரிந்தது.

இரண்டு மூன்று துண்டுக்கே அவ்வளவு தீ. அவள் கையில் இருந்ததோ ஒரு கை நிறைய.

குளிப்பாட்டின மிச்சத் தண்ணீரை என் வீட்டுக்காரர்தான் வந்து ஊற்றினார். அவள் அழவில்லை. முதலில் என்மேல் கோபப்பட வாயைத் திறந்தவள், தீயைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, பிள்ளை... பிள்ளை..." என்று அதையே சொன்னாள். பிள்ளையை அவிழ்த்துத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. என் சத்தத்துக்குத்தான் வீறிட்டு அழுதது. அழட்டும் அழட்டும் என்று நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.

அவர் சொளகில் மிஞ்சியிருந்த கரியைக் குளியல் அண்டாவில் கொட்டி அமுக்கிக்கொண்டிருந்தார். திடீரென்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கம்பெனித் தொட்டியில பாதிக் கரி அப்படியே கிடக்கு. ஒரு வாரமா வெயில்ல கிடக்கு" என்றார். "இன்னைக்குத்தான் அந்த ரெண்டு பொம்பளைகளையும் மம்பட்டி கொண்டு வரச் சொல்லியிருக்கு. அடியில பூராவும் கல்லு."

இரும்பு கல்லில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படி வந்தவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

அவர் கிளம்பலாமா வேண்டாமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை தோறும் வாசலை மறித்தவள் நான். அன்றைக்கு நான்தான், "நிக்காதீக, போங்க! சீக்கிரம் போங்க!" என்றேன். சட்டைப் பையைப் பார்க்கவில்லை. செருப்பைப் பார்க்கவில்லை. சைக்கிளைத் தெருவில் இறக்கிப் பின்னாலிருந்து தள்ளிவிட்டேன். தெரு முக்குத் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகுதான் என்ன காரியம் பண்ணியிருக்கிறேன் என்று உறைத்தது.

அந்தப் பகலை எப்படிக் கழித்தேன் என்று என்னைக் கேட்கக்கூடாது. பிள்ளைக்காரி என்னைப் போக விடவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தேன். எங்கள் ஊரில் சத்தம் கேட்டால் முதலில் எல்லாரும் தெருவுக்கு வந்து எந்தத் திசை என்று பார்ப்பார்கள். புகை தெரியும். பிறகு வண்டி வரும். நான் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காக உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒரு சத்தம் கேட்டது. டம் என்று, தரை அதிர. பிள்ளையை அவளிடம் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். "கிணத்து வெடிம்மா, கிணறு வெட்டுறாக, அது அந்தப் பக்கம்" என்று யாரோ சொன்னார்கள். நான் விஸ்வநத்தம் திசையையே பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றேன். புகை இல்லை. ஆனாலும் நின்றேன். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அவரைத் தள்ளி அனுப்பினது நான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

வெயில் சாய்ந்த பிறகு வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். தலையிலிருந்து கால் வரைக்கும் ஈரம், சேறு, உடம்பெல்லாம் கரி. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். வேலை தொடங்கும் முன் கஞ்சி குடித்துவிடுவோம் என்று வேப்பமரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்திருக்கிறார்கள். மம்பட்டி தொட்டியின் விளிம்பில் சாத்தியிருந்திருக்கிறது. இவர் போய்ச் சேர்ந்தது அந்த நேரம். தொட்டிக் குழாயை அடைத்துவிட்டு, மூன்று பேரும் வாளியை எடுத்துக் குளத்துத் தண்ணீரை இறைத்து இறைத்துத் தொட்டியில் ஊற்றியிருக்கிறார்கள். கரி ஊறி, மணல் ஊறி, அடியில் கிடந்த கல்லும் மூழ்கினபிறகு கையாலேயே அள்ளிக் குழி வெட்டிப் புதைத்தார்களாம். முதலாளி வந்து கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். அதன்பிறகு அந்தத் தொட்டியில் கல்லும் மணலும் மட்டும்தான். கழுவின தண்ணீர் குளத்துக்குப் போகாமல் வேறு பக்கம் போனது. மீனுக்கு மழைத் தண்ணீர் போதும் என்றாகிவிட்டது.

"வெயில்ல வத்துனதும் நாங்க இறைச்சதுமாக் குளம் பாதி காலி. ஆபத்துக்குன்னு அளந்து வச்ச தண்ணி" என்றார்.

காப்பி போட்டுக் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்க அவரால் முடியவில்லை. காப்பி வேட்டியில் கொட்டியது. அவர் பயந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டம்ளரை வாங்கி நானே குடிக்க வைத்தேன்.

"என்னை ஏன் போகச் சொன்னே? நீ மறிப்பேன்னு நினைச்சேன். நீ மறிச்சிருந்தா நின்னிருப்பேன்" என்றார்.

"அந்த ரெண்டு பேரும் வேற எங்க வருவாக? என் வார்டுக்குத்தானே வருவாக. நான்தானே இலையில படுக்க வைக்கணும்" என்றேன். "போகச் சொல்லிட்டு இங்கன நான் செத்துட்டேங்க. அது தெரியுமா உங்களுக்கு?" என்று அவர் மேல் விழுந்து அடி அடி என்று அடித்தேன். அவர் அடியை வாங்கிக்கொண்டார்.

பக்கத்து வீட்டில் அதன்பிறகு நான் போய்க் கரியைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் சாம்பிராணி. ஒரு துண்டைத் தனியே கல்லில் வைத்துப் பற்றவைத்துப் பார்த்துவிட்டு, அது கரி மாதிரியே சிவந்தால் சட்டியில் போடச் சொல்வேன். பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகும் அவள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை, நானும் போவதை நிறுத்தவில்லை.

அடுத்த சனிக்கிழமை, குளத்தில் மறுபடி தண்ணீர் நிரப்பிவிட்டார்களா என்று பார்க்க அவர் கிளம்பினார். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலுக்குப் போகத் தெம்பில்லை, போகாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே உள்ளே வந்தார். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். பிறகு சட்டைப் பையை வெளியே இழுத்து, நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை.